ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பத்திரிகை

என் கல்யாணத்துக்கு நான் இரண்டு பத்திரிகை அடித்தேன். ஒன்று சந்தன நிறம், ஒன்று ரோஜா நிறம் என்று இருந்திருந்தால் ரசனை என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். இரண்டும் ஒரே அட்டை, ஒரே பிள்ளையார், ஒரே நாள், ஒரே முகூர்த்தம், ஒரே மண்டபம். வித்தியாசம் ஒரே ஒரு வரியில்தான். அழைக்கிறவர் பெயர் வருகிற இடத்தில் ஒன்றில் பெரிய அண்ணன் பெயர் மட்டும் இருந்தது. மற்றதில் சின்ன அண்ணன் பெயர் மட்டும் இருந்தது.

அச்சகத்துக்காரர் இரண்டு முறை போன் பண்ணினார்.

“மேடம், ரெண்டு ஃபைல் வந்துகீது. எது கரெக்டு?”

“ரெண்டுமே கரெக்டுதாங்க.”

“ரெண்டு பொண்ணுக்குக் கல்யாணமா?”

“ஒரே பொண்ணுதான். நான்தான்.”

அவர் எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, “சரி, ஆளுக்குப் பாதியா அடிச்சிடறேன்” என்றார். வேறு கேள்வி கேட்கவில்லை. எத்தனை குடும்பத்துப் பத்திரிகையைப் பார்த்தவரோ.

எனக்கு இரண்டே அண்ணன்கள். பெரியவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். விழுப்புரத்துக்குப் பக்கத்தில், திருவாமாத்தூர் போகிற வழியில், எங்கள் நிலத்தில் கரும்பும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் வைப்பவர். அப்பா போன பிறகு அம்மாவும் நானும் அவரோடுதான் இருந்தோம். சின்னவன் என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவன். திண்டிவனத்தில் பேட்டரி, இன்வர்ட்டர் கடை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறான். நான் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த கையோடு திண்டிவனத்தில் ஒரு பயிற்சி மையத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போய்விட்டேன். வீட்டில் சும்மா உட்காருவது எனக்கு ஆகாத காரியம்.

இதனால் என்ன ஆனது என்றால், தினமும் காலையில் ஒரு அண்ணன் என்னை வண்டியில் கொண்டுவந்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவார். ஒரு மணி நேரம் கழித்துத் திண்டிவனத்தில் இன்னொரு அண்ணன் வந்து ஏற்றிக்கொள்வான். காலையில் பெரிய அண்ணி கொடுக்கும் கேப்பைக் கூழ். மதியம் சின்ன அண்ணி வைக்கும் மீன் குழம்பு. அண்ணன்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு வருடமாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாத சேதியும் கிடையாது. எல்லாம் என் வழியாகத்தான் போனது.

“இன்னாவாம் டவுன்காரருக்கு? கடை ஓடுதாமா?” என்பார் பெரிய அண்ணன், வண்டியை உதைத்துக்கொண்டே.

“இன்னா பண்றாரு மிராசு? மோட்டார் எரிஞ்சிடுச்சாமே” என்பான் சின்ன அண்ணன், ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்துக்கொண்டே.

யார் யார் பெயரையும் சொல்லமாட்டார்கள்.

சண்டை நிலத்துக்காக இல்லை. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் வந்த சண்டை. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு மகன்களுக்கு அவரவர் மாமனார் வீட்டார் தலையில் உருமால் கட்டவேண்டும். புதுத் துணியைத் தலையில் சுற்றி, இனி இவன்தான் குடும்பத்துக்கு என்று ஊர் பார்க்கச் சொல்வது போன்ற ஒரு சடங்கு. சின்ன அண்ணி வீட்டார் மரக்காணம் பக்கத்திலிருந்து வரவேண்டும். வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. ஏரிக்கரையில் சடங்கு செய்கிறவர் அவசரப்படுத்தினார். பெரிய அண்ணனுக்கு உருமால் கட்டி முடிந்தது. எல்லாரும் எழுந்து சாப்பாட்டுக்கு நடக்கத் தொடங்கியபோது சின்ன அண்ணியின் அப்பா கையில் மஞ்சள் பையோடு மூச்சு வாங்க ஓடிவந்தார். பைக்குள் வேட்டியும் துண்டும் இருந்தன. சின்ன அண்ணன் மழித்த தலையோடு நின்றுகொண்டிருந்தான். அந்தத் துண்டு பையைவிட்டு வெளியே வரவே இல்லை. அன்று சாயங்காலம் திண்டிவனம் போனவன் பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் எனக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. திண்டிவனத்தை ஒட்டிய ஊர். நான் பேசுகிற வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கேட்கிற ஆள். நிச்சயதார்த்தத்தில் சின்ன அண்ணன் மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். சம்பந்தி வீட்டார் அவனை யாரோ தங்கள் தூரத்து உறவு என்று நினைத்து விழுந்து விழுந்து உபசரித்தார்கள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அழுகையும் வந்தது.

கல்யாணத்தில் அப்படி எதிர்ப்பக்கம் உட்கார முடியாது. மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணின் அண்ணன் எதிர்கொண்டு மாலை போட்டு, விரலில் மோதிரம் மாட்டி, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டும். மச்சான் முறை. பிடிக்கிறது ஒரு கை, அதைச் செய்கிறது ஓர் அண்ணன். அப்பா இல்லாததால் என்னைத் தாரை வார்த்துக் கொடுக்கப்போவது பெரிய அண்ணனும் அண்ணியும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. வாசல்தான் சிக்கல்.

பெரிய அண்ணன் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே சொன்னார். “தாரை வாக்கறதும் நான்தான், வாசல்ல மாலை போடறதும் நான்தான். மூத்தவன் இருக்கும்போது வேற இன்னா பேச்சு? அந்த ஆளு வந்தா வரட்டும், சாப்ட்டுட்டுப் போவட்டும். பத்திரிகையில அவன் பேரு இருந்துது, அன்னிக்கு நான் தண்ணி கட்ட வந்துடுவேன், சொல்லிட்டேன்.”

நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில், “சரிண்ணா” என்றேன்.

சின்ன அண்ணன் கடையில் ஒரு பேட்டரியின் மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னான். “தாரை அந்த ஆளு வாக்கட்டும். அது அப்பா எடம், நான் கேக்கல. மச்சான் மாலை நான் போடணும். அதுவும் இல்லைன்னா இந்த வீட்டுக்கு நான் யாரு? அவரு பேருக்குக் கீழ என் பேரப் போட்டு அடிச்ச, பாப்பா, அன்னிக்கு இந்தக் கடையத் தெறந்து வச்சிக்கினு உக்காந்திருப்பேன்.”

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. “சரிண்ணா” என்றேன்.

இரண்டு சரி. இரண்டையும் நான் சொன்ன வேகம் அப்படி. ஒன்றைத் திரும்ப வாங்கவேண்டுமென்றால் ஓர் அண்ணனை இழக்கவேண்டும். இதை அம்மாவிடம் சொன்னால், “ரெண்டும் நான் பெத்ததுதான், நான் யார்கிட்டப் போய் இன்னான்னு சொல்றது? நீயே எதனா பண்ணு” என்று துணி மடிக்கப் போய்விட்டார்.

நான் எதையாவது செய்கிற ஆள்தான். அதுதான் என் குறையே. ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டு படுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. யோசனை வந்தால் போனை எடுத்துவிடுவேன். அன்றைக்கே பத்திரிகையை வடிவமைத்தேன், சேமித்தேன், பெயரை மாற்றி இன்னொன்று சேமித்தேன். விழுப்புரம் பக்கத்து உறவுக்கு ஒன்று, திண்டிவனம் பக்கத்துக்கு மற்றது. அவரவர் கையில் அவரவர் பத்திரிகை. கல்யாணத்தன்று வாசலில் இருவரும் வந்து நின்ற பிறகுதான் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியும். மேளக்காரர்கள் வாசிப்பார்கள், தலைக்கு மேலே டிரோன் கேமரா பறக்கும், சம்பந்தி வீட்டார் முன்னூறு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அத்தனை பேர் முன்னால் எவன் திரும்பிப் போவான்? எனக்கு என் மூளையை நினைத்தால் பெருமையாக இருந்தது.

மாப்பிள்ளையிடம் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரி. ரெண்டு பேரும் ரெண்டு மாலையோட வாசல்ல நின்னா நான் யார்கிட்ட கழுத்த நீட்டறது?”

“அத அன்னிக்குப் பாத்துக்கலாம்.”

“கழுத்து என்னுதும்மா” என்றார்.

பத்திரிகை கட்டுகள் வந்தன. மஞ்சள் தடவினோம். நானே சுமந்துபோய் ஒரு கட்டைத் திண்டிவனத்தில் கொடுத்தேன். சின்ன அண்ணன் தன் பெயர் தனியாக நிற்பதைத் தடவிப் பார்த்தான். சின்ன அண்ணி மட்டும் என்னைப் பார்த்து, “பெரிய மாமா இதுக்கு ஒத்துக்கிட்டாரா?” என்றார். “ம்” என்றேன். அந்த ‘ம்’முக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்குவது நின்றுபோனது. கூழும் பாதி, மீன் குழம்பும் பாதி. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. “கல்யாணக் களை வர்றதுக்குள்ள ஆளே போயிடுவ போலக்கீதே” என்றார் பெரிய அண்ணி. ராத்திரி படுத்தால் கண்ணை மூடியதும் மண்டப வாசல்தான். அந்தப் பக்கம் ஒரு மாலை, இந்தப் பக்கம் ஒரு மாலை, நடுவில் மாப்பிள்ளையின் கழுத்து.

என் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் விக்கிரவாண்டி இருந்தது. விக்கிரவாண்டியில் அத்தை இருந்தார்.

அப்பாவின் ஒரே அக்கா. சாமிக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை அத்தைக்குத்தான். அதுவும் தபாலில் போகாது, போனிலும் போகாது. பெண்ணின் அண்ணன் மனைவியோடு நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம், புடவை வைத்துக் கொடுக்கவேண்டும். இது எனக்குத் தெரியும். அதனால்தான் இருவரிடமும் தனித்தனியே, “அத்தைக்கு நானே போய்க் குடுத்துடறேன்” என்று சொல்லிவைத்திருந்தேன். இருவருமே அதைக் காதில் வாங்கவில்லை. நான் கவனிக்காமல் விட்டது இன்னொன்று. இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒரே தினசரி காலண்டர் தொங்கியது. வளர்பிறை, ஞாயிற்றுக்கிழமை, கடைக்கும் லீவு, வயலிலும் வேலை இல்லை, நல்ல நேரம் காலை ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால். இரண்டு ஊரில் இரண்டு அண்ணன்கள் தாளைக் கிழித்துப் பார்த்து அதே ஒரு மணி நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு காலை பெரிய அண்ணி என்னை எழுப்பி, “நீயும் வா, அத்தைக்கு உன்னப் பாத்தா சந்தோஷம்” என்றபோது எனக்குப் பயம் வரவில்லை. என்ன, அத்தை வீட்டில் ஒரு பத்திரிகை. சின்ன அண்ணனிடம் எப்படியாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஷேர் ஆட்டோ பிடித்து நாங்கள் மூவரும் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி.

அத்தை மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தட்டை வாங்கிச் சாமி முன்னால் வைத்துவிட்டு, பத்திரிகையை எடுத்துப் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். அழைக்கிறவர் பெயருக்கு வந்ததும் நிறுத்தினார்.

“இன்னாடா இது? சின்னவன் பேரு எங்க?”

பெரிய அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார். “அவரு வரலையாம் அத்த. கடை இருக்குது இல்ல.”

“யாரு சொன்னா?”

“பாப்பாதான் சொல்லுச்சி.”

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் சொல்லவில்லை என்றும் சொல்லமுடியாது. “தண்ணி எடுத்துக்கினு வர்றேன்” என்று உள்ளே திரும்பினேன். அப்போதுதான் வாசலில் அந்த வண்டிச் சத்தம் கேட்டது. தினமும் என்னை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. அதன் சைலன்சர் சத்தம் எனக்கு மனப்பாடம்.

சின்ன அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பின்னால் சின்ன அண்ணி, கையில் தட்டு. அதே வெற்றிலை, அதே பழம், புடவை மட்டும் வேறு நிறம். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். பெரிய அண்ணன் எழுந்துவிட்டார். போவதற்கு எழுந்தாரா, என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்தாரா, அவருக்கே தெரிந்திருக்காது. வாசலில் ஒருவன் நிற்கிறான், வேறு வழி கிடையாது.

அத்தைதான் கொஞ்சமும் அசரவில்லை. “வாடா, வாம்மா. நல்ல நேரம் முடியறதுக்குள்ள தட்டக் குடு” என்று வாங்கிக்கொண்டார். அடுத்து அந்தப் பத்திரிகையையும் எடுத்தார். ஐயோ அத்தை, படிக்காதீர்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். முதல் வரியிலிருந்து அதே சத்தம். அதே நாள். அதே முகூர்த்தம். அழைக்கிறவர் பெயர் வந்தது. அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஏண்டி, எனக்குக் கண்ணு தெரியலையா, இல்ல உனக்கு ரெண்டு கல்யாணமா?”

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு அண்ணன்களும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது பெரிய அண்ணன் கையை நீட்டினார். என்னிடம் இல்லை. சின்ன அண்ணனிடம்.

“உன்னுத இப்படிக் குடு.”

இரண்டு வருடத்தில் அவர் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். சின்ன அண்ணன் பையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தான்.

“உன்னுதையும் காட்டு” என்றான்.

இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, பரீட்சைத்தாள் திருத்துகிறவர்கள் மாதிரி வரி வரியாக ஒப்பிட்டார்கள்.

“நாள் சரியாகீது” என்றார் பெரியவர்.

“மண்டபமும் அதே மண்டபம்தான்.”

“நேரத்தப் பாரு, நேரத்த. அதுல எதனா மாத்தி வச்சிருக்கப் போவுது.”

“இல்ல, கரெக்டாத்தான் கீது.” சின்ன அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். “உன்னப் படிக்க வச்சது இதுக்கா? பிள்ளைங்களுக்கு இதத்தான் சொல்லிக் குடுக்கறியா?”

“அவள இன்னாடா கேக்கற? கம்ப்யூட்டர்ல தட்டுனா எல்லாம் ஆயிடும்னு நெனப்பு” என்றார் பெரியவர். “ஏய், மண்டப வாசல்ல ரெண்டு பேரும் மாலையோட முட்டிக்கினு நிக்கணும்னு தான இது?”

“ஆமா” என்றேன்.

“சம்பந்தி வீட்டு முன்னாடி?”

“ஆமா. அப்பவாவது நீங்க யாரும் போவ மாட்டீங்கன்னுதான்.” பெரிய அண்ணன் பக்கம் திரும்பினேன். “நான் இன்னா பண்றது? நீங்க வயலுக்குப் போயிடுவேன்னீங்க. இவன் கடையத் தெறப்பேன்னான். யாருகிட்ட முடியாதுன்னு சொல்லட்டும்? நீங்க இல்லாம நான் எப்படி மணவறையில உக்காருவேன்? இவன் இல்லாம மட்டும் எப்படி உக்காருவேன்? எனக்குச் சோறு எறங்கி பத்து நாளாச்சு. இனிமே நீங்களே முடிவு பண்ணிக்குங்க. நான் மூணாவது பத்திரிகை அடிக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு அத்தையின் பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே கழுவாத டம்ளர்கள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தேய்க்கத் தொடங்கினேன். மூன்று டம்ளர் முடிந்தது. பிறகு சின்ன அண்ணன் குரல் கேட்டது. திட்டுகிற குரல் இல்லை.

“அன்னிக்குப் பத்து நிமிஷம் நிறுத்தி வச்சிருந்தா இன்னா?”

உள்ளே நாற்காலி நகர்ந்தது. நான் டம்ளரைப் பிடித்தபடியே இருந்தேன்.

“எனக்குத் தெரியாதுடா” என்றார் பெரிய அண்ணன். “உக்காருன்னாங்க, உக்காந்தேன். எழுந்திருன்னாங்க, எழுந்தேன். யாரு வந்தாங்க, யாரு வரலன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. உனக்குக் கட்டலைங்கறதே அன்னிக்கு ராத்திரி அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுக்குள்ள நீ போயிட்ட.”

“அப்ப ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல?”

“இன்னான்னு பண்றது? உனக்குக் கட்டாமயே முடிச்சிட்டோம்டா, மன்னிச்சிக்கோடான்னா?”

“ஆமா. அப்படித்தான்.”

“பண்ணியிருக்கணும்” என்றார் பெரிய அண்ணன். கொஞ்சம் விட்டு, “பண்ணல” என்றார்.

அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. எட்டிப் பார்த்தபோது சின்ன அண்ணன் இன்னும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். கண் சிவந்திருந்தது. அத்தை ஒரு வாழைப்பழத்தை உரித்து அவன் கையில் வைத்தார். அவன் சாப்பிட்டான். “தட்டுல வச்சதையே எடுத்து எங்களுக்குக் குடுக்கறியே அத்த” என்றான். அத்தை, “ரெண்டு தட்டு வந்துகீது இல்ல, ஒண்ணு போதும் எனக்கு. புடவை மட்டும் ரெண்டையும் வச்சிக்குவேன்” என்றார்.

விட்டுப்போன வேலையை எடுத்தது பெரிய அண்ணிதான். “இப்ப இன்னா, இந்தப் பத்திரிகையெல்லாம் குப்பையிலயா போடறது?” என்றார். அன்று இரண்டு ஜோடியும் அத்தை வீட்டிலிருந்து அப்படியே மற்ற உறவுக்கும் போவதாக இருந்ததால் இரண்டு கட்டும் அங்கேயே இருந்தன. சின்ன அண்ணி என் கைப்பையைத் திறந்து, நான் விடைத்தாள் திருத்துகிற பேனாக்களை எடுத்துக்கொண்டுவந்தார். “பேரு இல்லாத எடத்துல பேர எழுதிட்டாப் போச்சு” என்றார்.

எழுதுவதிலும் தகராறு வந்தது. தம்பி பெயரைப் பெரியவர் எழுதமாட்டாராம். அண்ணன் பெயரைச் சின்னவன் எழுதமாட்டானாம். கடைசியில் கட்டை மாற்றிக்கொண்டார்கள். பெரியவரின் கட்டில் சின்னவன் தன் பெயரைத் தானே எழுதினான். சின்னவனின் கட்டில் பெரியவர் தன் பெயரைத் தானே எழுதினார். தரையில் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு. பெரிய அண்ணனுக்கு எழுத்து பெரிது, கூட்டுறவு சங்கத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி அட்டை முழுக்கப் படர்ந்தது. சின்னவன் எழுத்து சிறிதாக, பேட்டரி மேல் ஒட்டுகிற சீட்டு மாதிரி இருந்தது.

“இன்னாத்துக்கு இவ்ளோ பெருசா எழுதற? கீழ என் பேரு தெரியுமா, தெரியாதா?”

“உன் பேரு அச்சுல கீது இல்ல, அது தெரியும். நீ கோணலா எழுதாம இரு.”

“யாரு கோணலா எழுதறது? கண்ணாடி போட்டுக்கினு பாரு.”

“ஜல்தி எழுதுடா. இன்னும் பனையபுரம் போவணும், முண்டியம்பாக்கம் போவணும்.”

“முண்டியம்பாக்கம் நான் போறேன். நீ பனையபுரம் போ.”

பின்கட்டு வாசலில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து நாளுக்குப் பிறகு பசித்தது. அத்தையிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நேற்றைய குழம்பும் இட்லியும் இருந்தன. ஆறு இட்லி சாப்பிட்டேன். யார் மாலை போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை என்பது ஐந்தாவது இட்லியில்தான் ஞாபகம் வந்தது. போய்க் கேட்கலாமா என்று நினைத்தேன். இல்லை, இது இனி என் வேலை இல்லை என்று ஆறாவதை எடுத்தேன். அந்த ஆறாவது இட்லியின் ருசியை எனக்குச் சொல்லத் தெரியாது.

கிளம்பும்போது பெரிய அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், “வாசல்ல நீ நின்னுக்கோ. நான் உள்ள தாரைக்கு உக்காரணும். ரெண்டையும் ஒரே ஆளு எப்படிப் பாக்கறது?” என்றார். பத்து நாளாக என் முடி கொட்டியதற்கான பதில், செருப்பு மாட்டுகிற நேரத்தில் வந்துவிட்டது.

“சரி” என்றான் சின்ன அண்ணன், அதைவிடச் சிறிதாக.

அதற்குப் பிறகு எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். பந்தல்காரரிடமிருந்து வாடகை வேன் வரைக்கும் இருவரும் ஒவ்வொன்றுக்கும் போனில் முட்டிக்கொண்டார்கள். முன்பு என் வழியாகப் போன சண்டை இப்போது நேராகப் போனது. சாயங்காலங்களில் பெரிய அண்ணன் வரப்பில் நின்றுகொண்டு, “டேய், நான் சொல்றத மொதல்ல கேளுடா” என்று கத்துவது வீட்டுக்குள் கேட்கும். அம்மா துணி மடித்துக்கொண்டே, “பேஜாருப் புடிச்ச பசங்க” என்பார். சொல்லும்போது முகம் நன்றாக இருக்கும். இரண்டே வாரத்தில் நான் மூன்று கிலோ கூடிவிட்டேன். ரவிக்கை பிரித்துத் தைக்கவேண்டியிருந்தது. தையல்காரம்மா திட்டினார்.

எங்கள் பக்கத்தில் சிலரிடம், அந்த அவசரத்தில் எழுத விட்டுப்போன பத்திரிகை போய்ச் சேர்ந்திருந்தது. அவர்கள் கல்யாணத்தில் என் அம்மாவிடம் வந்து, “உங்க சின்னவரு வரலன்னு பாத்தா, வாசல்ல நிக்கிறாரே!” என்றார்களாம். அம்மா, “அச்சுல விட்டுப்போச்சு” என்று அச்சகத்துக்காரர் தலையில் போட்டுவிட்டார். அதற்காக நான் அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

முகூர்த்தத்தன்று மணமகள் அறையின் ஜன்னல் மண்டப வாசலைப் பார்த்திருந்தது. அலங்காரம் செய்ய வந்த பெண் என் தலையில் பாதிப் பூ வைத்திருந்தாள். மேளச் சத்தம் நெருங்கியதும் நான் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார். சின்ன அண்ணன் பட்டு வேட்டியில், கையில் மாலையோடு நின்றான். மாலையின் குஞ்சத்தைச் சரிசெய்துகொண்டேயிருந்தான். அவனுக்கு ஒரு முழம் பின்னால் பெரிய அண்ணன். உள்ளே உட்காரவேண்டியவர், அங்கே நின்றுகொண்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். மேளத்தில் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் கையசைவில் புரிந்தது: தூக்கிப் போடு, இன்னும் தூக்கி. சின்ன அண்ணன் திரும்பி ஏதோ சிடுசிடுத்தான். உள்ளே போ, ஐயர் கூப்பிடறாரு என்பதாகத்தான் இருக்கும். பெரியவர் போகவில்லை. மாப்பிள்ளை கழுத்தை நீட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாலை அவர் கழுத்தில் விழுந்தது. சின்ன அண்ணன் அவர் கையைப் பிடித்தான்.

“உக்காருங்க மேடம், பூ சரியுது” என்றாள் அந்தப் பெண்.

உட்கார்ந்தேன்.